62 கப்பல்களும் ஒரு பொய் முத்திரையும்

ஸ்டுட்கார்ட் கார்ல்ஸ்பிளாட்ஸில் சனிக்கிழமைதோறும் பழம்பொருள் சந்தை கூடும். துருப்பிடித்த காபிக்கொட்டை அரைக்கும் இயந்திரம், காது உடைந்த பீங்கான் கோப்பை, யாரோ ஒரு பாட்டியின் கல்யாணப் படம் எல்லாம் ஒரே விரிப்பில் கிடக்கும். வேலை நிமித்தம் ஜெர்மனிக்கு வந்த இரண்டாம் ஆண்டு, தூறல் விழுந்த ஒரு காலையில், பச்சை அட்டை போட்ட தபால்தலைப் புத்தகம் ஒன்றை அங்கே 40 யூரோவுக்கு வாங்கினேன். வீட்டில் பிரித்துப் பார்த்த மனைவி, “எல்லாம் ஒரே கப்பலாக இருக்கிறதே, ஏமாந்துவிட்டீர்களா?” என்று கேட்டாள். எண்ணிப் பார்த்தேன். 62 தலைகள். 62 தலைகளிலும் அதே கப்பல்.

அது ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் கைசரின் சொந்த உல்லாசக் கப்பலான ஹோஹென்சாலர்ன். 1900ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து ஜெர்மனி தன் காலனிகள் அத்தனைக்கும் இந்த ஒரே படத்தைத்தான் தபால்தலையாக அச்சடித்தது. ஆப்பிரிக்காவில் டோகோ, காமரூன், தென்மேற்கு ஆப்பிரிக்கா, கிழக்கு ஆப்பிரிக்கா. பசிபிக்கில் நியூகினி, கரோலின், மரியானா, மார்ஷல் தீவுகள், சமோவா. சீனக் கரையில் கியாவ்சாவ். பெயர்ப் பட்டையில் காலனியின் பெயர் மாறும், மதிப்புக்கு ஏற்ப நிறம் மாறும், கப்பல் மாறாது. சிறிய மதிப்புகள் சிறிய தலைகள். மார்க் மதிப்புகள் அகலமான பெரிய தலைகள். அவை தகட்டில் செதுக்கி அச்சடித்தவை, சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் மை மேடுகட்டி நிற்பது தெரியும். அது தெரியாத மார்க் தலையை நான் இப்போது கையில் எடுப்பதே இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், கப்பலின் சொந்தக்காரரான கைசர் தம் காலனிகளில் ஒன்றையும் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை.

முதல் ஆறு மாதம் காலனி வாரியாகப் பிரித்து அடுக்குவதையே சேகரிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பைக் கலைத்தவர் எங்கள் ஊர்த் தபால்தலைச் சங்கத்துப் பெரியவர் ஒருவர். என் புத்தகத்தை ஐந்து நிமிடம் புரட்டிவிட்டு, “படத்தைப் பார்க்கிறீர்கள். இந்தத் தலைகளில் படத்துக்குத்தான் மதிப்பு குறைவு. பின்பக்கத்தைப் பாருங்கள், பல்லை எண்ணுங்கள், முத்திரையில் ஊர்ப் பெயரைப் படியுங்கள்” என்றார். அன்று கொஞ்சம் கோபம் வந்தது. அவர் சொன்ன மூன்றில் ஒன்றை அலட்சியம் செய்ததற்குப் பின்னால் 210 யூரோ கொடுத்தேன். அந்தக் கதைக்கு வருகிறேன்.

பின்பக்கம் என்று அவர் சொன்னது நீர்க்குறியை, அதாவது தாள் செய்யும்போதே அதற்குள் பதிக்கும் மங்கலான குறியை. 1900இல் வந்த கப்பல் தலைகளின் தாளில் நீர்க்குறி இல்லை. 1905 முதல் சாய்சதுரங்கள் அடுக்கிய நீர்க்குறித் தாள் புழக்கத்துக்கு வந்தது. முன்பக்கத்தில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சிலவற்றில் தெரியும், பலவற்றில் தெரியாது. ஒரு கறுப்புத் தட்டில் தலையைக் குப்புறப் போட்டு, சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் திரவத்தை நாலைந்து சொட்டு விட்டால், சில நொடிகளுக்குச் சாய்சதுரங்கள் கருமையாகத் தெரிந்து மறையும். பசைக்கும் மைக்கும் ஒன்றும் ஆகாது, தானாக உலர்ந்துவிடும். தண்ணீரை மட்டும் பயன்படுத்தாதீர்கள், பசை போய்விடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். சமையல் மேசையில் இதைச் செய்யாதீர்கள் என்பதை நானாகக் கற்றுக்கொள்ளவில்லை, பக்கத்து அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தபோது எனக்கு உரக்கச் சொல்லப்பட்டது.

நிறத்தாளில் அச்சடித்தவைதான் தொல்லை. 25, 30, 50, 80 பென்னிக் (நூறு பென்னிக் ஒரு மார்க்) தலைகளின் தாளே மஞ்சள், மங்கிய சதை நிறம், இளஞ்சிவப்பு என்று இருக்கும். அவற்றில் நீர்க்குறி சண்டி செய்யும். தட்டைச் சற்றுச் சாய்த்து, பக்கவாட்டிலிருந்து ஒரே ஒரு விளக்கை வைத்துப் பார்த்தால் பிடிபடும். முதல் முறை தெரியவில்லை என்பதற்காக ‘நீர்க்குறி இல்லை’ என்று எழுதிவிடக் கூடாது. உலரவிட்டு மறுபடி பாருங்கள். நான் மூன்று முறை பார்த்த பிறகே எழுதுகிறேன்.

பல் எண்ணுவது, அதாவது தலையின் விளிம்பில் கிழிப்பதற்காக இட்ட துளைகளை எண்ணுவது, மார்க் தலைகளுக்கு. நீளப் பக்கத்தில் 26, குட்டைப் பக்கத்தில் 17 என்று ஒரு வகை, 25க்கு 17 என்று இன்னொரு வகை. இரண்டாவது முதல் உலகப் போர்க்கால அச்சுகளில் வருவது. ஒரு பல் வித்தியாசத்தில் விலை பல மடங்கு மாறும் இடங்கள் உண்டு. ஆரம்பத்தில் எனக்கு 27 வரும், சில நாள் 24 வரும். மூலைப் பல்லைச் சேர்ப்பதா விடுவதா என்ற குழப்பம். பிறகு ஒரு வழி கிடைத்தது. குட்டைப் பக்கம் இரண்டு வகையிலும் 17தான் அல்லவா? முதலில் அதை எண்ணுங்கள். 17 வந்தால் உங்கள் எண்ணும் முறை சரி, அதே முறையில் நீளப் பக்கத்தை எண்ணலாம். 18 வந்தால் மூலையைத் தவறாகச் சேர்த்திருக்கிறீர்கள். ஸ்கேன் செய்து பெரிதாக்கி, ஒவ்வொரு துளையிலும் திரையில் ஒரு புள்ளி வைத்து எண்ணுவது இன்னும் நல்லது. என் கண்ணுக்கு அதுதான் ஒத்துவருகிறது.

இப்போது அந்த 210 யூரோ.

கப்பல் தலைகளில் ஒரு தலைகீழ் நியாயம் இருக்கிறது. மற்ற தபால்தலைகளில் பெரும்பாலும் பயன்படுத்தாதது விலை அதிகம், பயன்படுத்தியது மலிவு. இங்கே பல இடங்களில், அதிலும் பெரிய மதிப்புகளில், நேர் எதிர். காரணம் எளிது. இந்தத் தலைகளை ஆப்பிரிக்காவிலும் பசிபிக்கிலும் விற்றது போல, பெர்லினில் சேகரிப்பாளர்களுக்கென்று வைத்திருந்த தபால் கவுண்டரிலும் விற்றார்கள். புத்தம் புதிதாக நம் கைக்கு வரும் தலைகளில் மிகப் பல அந்த வழியாக வந்தவை. வெப்பத்தையோ கடல் காற்றையோ கண்டதே இல்லை. ஒரு சில நூறு ஐரோப்பியர்கள் வாழ்ந்த தீவில் 5 மார்க் தலையை ஒட்டி அனுப்பவேண்டிய பார்சல் எத்தனை இருந்திருக்கும்? ஆக, உண்மையிலேயே அங்கே முத்திரை குத்தப்பட்டது அபூர்வம். அபூர்வமானது எங்கே இருக்கிறதோ அங்கே பொய் முத்திரை செய்பவனும் இருப்பான். மலிவான புதுத் தலையை வாங்கி ஒரு ரப்பர் முத்திரையைத் தட்டினால் விலை எகிறிவிடும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் விழுந்தேன். ஓர் இணைய ஏலத்தில் சமோவா 5 மார்க், கருஞ்சிவப்பும் கறுப்பும், அப்பியா ஊர் முத்திரை, 1911ஆம் ஆண்டுத் தேதி. முத்திரை நடுவில் அழகாக, வட்டமாக, ஒரு எழுத்துகூடக் கலங்காமல் விழுந்திருந்தது. அந்த அழகே எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். வாங்கி, புத்தகத்தில் வைத்து, சங்கத்தில் நாலு பேருக்குக் காட்டி, மூன்று மாதம் மகிழ்ந்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மற்ற தலைகளுக்கு நீர்க்குறி பார்க்கையில், தட்டில் இடம் இருந்ததே என்று அதையும் போட்டேன்.

சாய்சதுரங்கள் பளிச்சென்று தெரிந்தன.

சேகரிக்காதவர்களுக்கு இதில் என்ன என்று தோன்றும். சமோவாவை நியூசிலாந்துப் படை 1914 ஆகஸ்ட் 29இல் கைப்பற்றிவிட்டது. சமோவாவுக்கான நீர்க்குறித் தாள் தலைகள் 1915 முதல் பெர்லினில் வெளியானவை. காலனி கைவிட்டுப் போன பிறகும் பெர்லின் அரசு அச்சகம் அதற்குத் தபால்தலை அச்சடித்துக்கொண்டிருந்தது. சேகரிப்பாளர்களுக்கு விற்கத்தான், வேறென்ன. அந்தத் தலைகள் சமோவா மண்ணை மிதித்ததே இல்லை. 1915இல் பிறந்த தலையில் 1911ஆம் ஆண்டு அப்பியா முத்திரை விழ வழியே இல்லை. முத்திரை செய்தவனுக்குச் சித்திரக்கை இருந்திருக்கிறது, வரலாறு தெரியவில்லை. அல்லது என்னைப் போல வாங்குபவனும் பின்பக்கத்தைப் பார்க்கமாட்டான் என்று தெரிந்திருக்கிறது.

விற்றவருக்கு எழுதினேன். திருப்பித் தருவதற்கான 14 நாள் கடந்துவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. சட்டப்படி வேறு வழிகள் இருந்திருக்கலாம், நான் போகவில்லை. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எந்தத் தலை வந்தாலும் அன்று இரவே நீர்க்குறி, பல், முத்திரைத் தேதி மூன்றையும் பார்த்துக் குறித்துவிடுவேன். ரசிப்பது மறுநாள்.

தேதி பார்ப்பதற்கு ஒரு சிறு பட்டியலை மனதில் வைத்திருந்தால் போதும். டோகோ 1914 ஆகஸ்ட் இறுதியில் சரணடைந்தது. கியாவ்சாவின் ட்சிங்தாவ் துறைமுகம் அதே ஆண்டு நவம்பர் 7இல் ஜப்பானியர்களிடம் விழுந்தது. நம் சென்னை மீது குண்டு போட்ட எம்டன் கப்பலின் தளம் அதுதான். தென்மேற்கு ஆப்பிரிக்கா 1915 ஜூலை வரை தாக்குப்பிடித்தது. அந்தந்தத் தேதிக்குப் பிந்தைய ஜெர்மன் முத்திரை இருந்தால் கடையை விட்டு இறங்கிவிடலாம். ஜெர்மனியின் உள்நாட்டு ஊர் முத்திரை விழுந்த காலனித் தலையையும் நான் நம்புவதில்லை. கப்பல்களில் குத்தப்பட்ட ‘டாய்ச்ச ஸேபோஸ்ட்’ (ஜெர்மன் கடல் தபால்) முத்திரைகள் வேறு, அவை முறையானவை, தனியாகச் சேகரிக்கத் தகுந்தவை.

கப்பலுக்கு முந்தைய கதை எனக்கு இன்னும் பிடிக்கும். 1890களின் பிற்பகுதியில் சில ஆண்டுகள், ஜெர்மன் உள்நாட்டுத் தலைகளின் மேலேயே காலனிப் பெயரைக் குறுக்குச் சாய்வாக மேலச்சு செய்து அனுப்பினார்கள். 3, 5 பென்னிக் தலைகளில் எண்ணும் மகுடமும், 10 முதல் 50 வரை கழுகு. இந்த மேலச்சுகளில் எழுத்துப்பிழை தேடும் தமிழாசிரியரின் கண் வேண்டும். மார்ஷல் தீவுகளின் பெயரை முதலில் ‘மார்ஷல்’ நடுவில் ஒரு ‘சி’ சேர்த்து அச்சடித்தார்கள், 1899இல் அந்த ‘சி’யை எடுத்துவிட்டார்கள். தென்மேற்கு ஆப்பிரிக்காவில் முதலில் ‘வெஸ்ட்’டுக்கும் ‘ஆப்பிரிக்கா’வுக்கும் நடுவே ஒரு சிறு கோடு இருந்தது, பிறகு சேர்த்து எழுதினார்கள். ஒரு எழுத்து, ஒரு கோடு. அவ்வளவுதான் இரண்டு வெளியீடுகளுக்கும் இடையே.

எழுத்தும் மாறாமல் சாய்வு மட்டும் மாறியவைதான் பரீட்சை. 1899இல் ஸ்பெயின், குவாம் நீங்கலான மரியானாவையும் கரோலினையும் பலாவையும் 2.5 கோடி பெசேட்டாவுக்கு ஜெர்மனிக்கு விற்றது. புதிய தீவுகளுக்கு அவசரமாக மேலச்சு செய்தபோது எழுத்து 48 பாகைச் சாய்வில் விழுந்தது. 1900இல் அடுத்த அச்சில் 56 பாகை, அதாவது இன்னும் செங்குத்து. மரியானாவில் 48 பாகை என்றால் பெரிய விலை, 56 என்றால் நம்மால் வாங்க முடிகிற விலை. 8 பாகை வித்தியாசத்தைக் கண்ணால் சொல்லிவிடுவேன் என்பவரை நம்பாதீர்கள், நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். பள்ளிக்கூடப் பாகைமானி தடிமனாக இருப்பதால் சரியாக உட்காராது. ஒரு கண்ணாடித் தாளில், ஒரு கிடைக்கோடும் அதிலிருந்து 48, 56 பாகைகளில் இரண்டு கோடுகளும் கணினியில் வரைந்து அச்சடித்துக்கொண்டேன். கிடைக்கோட்டைத் தலையின் அடிப் பல்லோடு சேர்க்கக் கூடாது, பல்வரிசை பல தலைகளில் கோணலாக வெட்டப்பட்டிருக்கும். படத்தின் கீழ்ச்சட்டக் கோட்டோடு சேர்க்க வேண்டும். முதல் வாரம் நான் கண்டுபிடித்த இரண்டு 48 பாகைகள் இந்தக் காரணத்தால்தான் 48 ஆகத் தெரிந்தன.

மேலச்சுப் போலிகள் ஏராளம், ஏனென்றால் அடியில் உள்ள கழுகுத் தலை உண்மையானது, கிலோக் கணக்கில் கிடைப்பது. பயன்படுத்திய தலையில் ஒரு சோதனை உண்டு. மேலச்சும் முத்திரையும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தை நல்ல பூதக்கண்ணாடியில் பாருங்கள். முத்திரை மை மேலே, மேலச்சு கீழே இருக்க வேண்டும். மேலச்சு முத்திரையின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தால், உள்நாட்டில் எப்போதோ பயன்படுத்திய தலைக்குப் பின்னாளில் பெயர் சூட்டியிருக்கிறார்கள். இரண்டுமே கறுப்பாக இருக்கும்போது சொல்வது கடினம், உண்மை. அப்போது அனுமானத்தில் முடிவு செய்யாமல் நிபுணரிடம் அனுப்புவேன். ஜெர்மனியில் பி.பி.பி. என்ற தபால்தலைப் பரிசோதகர் கூட்டமைப்பு இருக்கிறது. அதன் நிபுணர்கள் தலையின் பின்புறம் குட்டி முத்திரையிட்டுத் தருவார்கள். அந்த முத்திரை அடி விளிம்பை ஒட்டி இருந்தால் தலை குறையற்றது, மேலே ஏற ஏற குறை உண்டு என்று பொருள். விற்பவர்கள் “நிபுணர் முத்திரை உண்டு” என்று மட்டும் சொல்வார்கள், எந்த உயரத்தில் என்று நாம்தான் கேட்க வேண்டும். கட்டணம் கொஞ்சம் சுடும். 20 யூரோ தலைக்கு வேண்டாம், 200 யூரோ தலைக்குக் கட்டாயம்.

பசையின் புனிதத்தைப் பற்றி ஒன்றும் எழுதப்போவதில்லை. யாரும் தொடாத பசைக்கு மூன்று பங்கு விலை கொடுப்பவர்கள் தலையைக் குப்புற வைத்து ரசிக்கட்டும்.

மேலச்சுக்கும் முன்னால், காலனித் தலை என்று ஒன்றே இல்லாத காலம். 1880களின் பிற்பகுதியிலிருந்து ஜெர்மன் உள்நாட்டுத் தலையையே அங்கே விற்றார்கள். முன்னோடிகள் என்று இவற்றைச் சொல்கிறார்கள். தலையில் எந்தக் காலனியின் பெயரும் இராது. முத்திரையில் உள்ள ஊர்ப் பெயர் ஒன்றுதான் சாட்சி. அப்பியா, யாலுயிட், லாமு, க்ளைன்-போபோ. சாதாரண ஜெர்மன் தலைகள் கொட்டிக் கிடக்கும் காலணிப் பெட்டிகளில் சாமணத்தோடு நான் செலவிட்ட மணிநேரங்களுக்கு இவைதான் காரணம். இதுவரை கிடைத்தது ஒன்றே ஒன்று. 10 பென்னிக் சிவப்புக் கழுகு, அதில் ‘ஸலாம்’ என்பது மட்டும், 92 என்ற ஆண்டோடு. டார் எஸ் ஸலாம். விற்றவர் அதற்கு 10 சென்ட் வாங்கிக்கொண்டார்.

கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வந்த பிறகு என் சேகரிப்பு வேறெங்கும் நகரவில்லை. பார்த்த மாத்திரத்தில் அதன் நாணயம் என்னை நிறுத்திவிட்டது. மற்ற காலனிகளில் பென்னிக், மார்க் (கியாவ்சாவ் மட்டும் 1905இல் சென்ட், டாலருக்கு மாறியது). இங்கே மட்டும் பெசா, ரூபி. 64 பெசா ஒரு ரூபி. நம் தாத்தா காலத்துக் கணக்கு: 16 அணா, 64 பைசா, ஒரு ரூபாய். இந்திய வணிகர்களும் இந்திய நாணயமும் அந்தக் கரையில் அவ்வளவு வேரூன்றியிருந்ததால், பெர்லினில் அச்சான தலையும் நம் வாய்ப்பாட்டுக்கு இணங்க வேண்டியிருந்தது. 1905இல் அதை 100 ஹெல்லர் ஒரு ரூபி என்று தசமக் கணக்குக்கு மாற்றினார்கள்.

இன்னொரு இழை, நான் தேடாமல் வந்தது. நான் பாளையங்கோட்டைக்காரன். 1914 நவம்பர் முதல் வாரத்தில் பிரிட்டிஷார் இந்தியப் படைகளைக் கொண்டுவந்து ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் இறக்கித் தோற்றுத் திரும்பினார்கள். இறங்கிய படைகளில் ஒன்று 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை. அந்தப் போரில் சென்ற இந்திய வீரர்களின் தபாலுக்காக ஐந்தாம் ஜார்ஜ் தலைகளில் ‘ஐ.இ.எஃப்.’ என்று மேலச்சு செய்தார்கள், இந்தியப் பயணப் படை என்பதன் சுருக்கம். மலிவாகக் கிடைக்கும். ஆனால் அந்தப் பயணப் படையின் வேறு பிரிவுகள் பிரான்சுக்கும் மெசபடோமியாவுக்கும் போனதால், கிழக்கு ஆப்பிரிக்காவில் பயன்படுத்தியது எது என்று தலை சொல்லாது. களத் தபால் நிலையத்தின் எண்தான் சொல்லும். மறுபடியும் முத்திரை.

சங்கத்தில் சிலர் இதைக் கப்பல் படம் சேர்க்கும் சாதுவான பொழுதுபோக்காக வைத்துக்கொள்கிறார்கள். என்னிடம் தென்மேற்கு ஆப்பிரிக்காவின் லூடெரிட்ஸ்புக்ட் ஊர் முத்திரையோடு 1906ஆம் ஆண்டு அஞ்சலட்டை ஒன்று இருக்கிறது. 5 பென்னிக் பச்சைக் கப்பல், நல்ல நிலை. எழுதியவர் சிப்பாய், அம்மாவுக்குப் பருவநிலையைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த ஊரின் துறைமுகத்தை ஒட்டிய சுறாத் தீவில்தான் அப்போது ஹெரெரோ, நாமா மக்களை அடைத்துச் சாகவிட்ட முகாம் இருந்தது. அந்த இனப்படுகொலையை ஜெர்மனி 2021இல்தான் அதிகாரப்பூர்வமாக அப்பெயரால் ஒப்புக்கொண்டது. புத்தகத்தில் அந்த அட்டையின் கீழே தாள், பல், முத்திரை விவரங்களோடு இதையும் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த ஆளின் கைக்குப் போகும்போது அட்டையோடு அதுவும் போகட்டும்.

பொய் அப்பியாவையும் தூக்கிப் போடவில்லை. புத்தகத்தின் முதல் பக்கத்தில், ‘முத்திரை போலி’ என்று பென்சிலில் எழுதி ஒட்டியிருக்கிறேன். தலையின் பின்புறமும் எழுதிவிட்டேன், என் காலத்துக்குப் பிறகு இன்னொருவர் 210 யூரோ கொடுக்க வேண்டாம்.

இப்போது மேசையில் கிடப்பது 4 ஹெல்லர் பச்சைக் கப்பல் ஒன்று. முத்திரையில் ஆண்டு 09 என்று தெளிவாக இருக்கிறது. ஊர்ப் பெயரில் கடைசி மூன்று எழுத்துகள் மட்டும், என், ஜி, ஏ. டாங்காவாக இருக்கலாம், உள்நாட்டு மலையில் இருக்கும் இரிங்காவாகவும் இருக்கலாம். டாங்கா சாதாரணம், இரிங்கா அதைவிட அரிது. டாங்காவில் ஐந்து எழுத்து, ஆகவே ‘என்’ வட்டத்தின் உச்சியில் வர வேண்டும். இரிங்காவில் ஆறு, ‘என்’ உச்சிக்குச் சற்று வலப்புறம் விழ வேண்டும். நான்கு நாளாக ஸ்கேனில் வட்டம் வரைந்து மையம் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறேன். அரை மில்லிமீட்டர் வலப்புறம் என்று வருகிறது, அது என் கோட்டின் தடிமன்தான். சங்கத்துப் பெரியவர் பார்த்துவிட்டு இரிங்கா என்றார், கை குலுக்கினார். பாளையங்கோட்டைக்காரனுக்கு அது டாங்காவாக இருந்தால் தேவலை என்று அவரிடம் சொல்லவில்லை.